மூன்றாவது சிப்பாய் சாகும் இடம்

படத்தில் தான் சாவதற்கு இவ்வளவு நேரம் எடுத்துக்கொள்ளவில்லை என்பது கட்டிங் மாஸ்டருக்கு நன்றாக நினைவிருந்தது.

ஒரே டேக்கில் முடிந்த சாவு அது. "ஃபிலிம் கம்மியா இருக்கு, சொதப்பினா உன் சாவையே வெட்டிடுவேன்" என்று டைரக்டர் முதலிலேயே மிரட்டி வைத்திருந்தார். மூடிக் கிடந்த ஒரு சிமென்ட் ஆலையின் பின்புறத்தில், மழைத் தண்ணீரும் பழைய எஞ்சின் ஆயிலும் கலந்து தார் போலக் கறுத்துக் கிடந்த இரும்புத் தொட்டிக்குள் அவர் மார்பளவு இறங்கி நிற்க வேண்டும். லாரி டியூபும் மெத்தை நுரையும் ஒட்டிச் செய்த ஜந்து பின்னாலிருந்து எழும்பி வரும். அதன் வயிற்றுக்குள் இரண்டு பேர் படுத்துக்கொண்டு, குழாய் வழியே மூச்சு விட்டபடி அதன் வாயைத் திறந்து மூடுவார்கள். வெள்ளைப் பிளாஸ்டிக் குழாயைச் சீவிச் செய்த பற்கள் அவருடைய இடது தோளில் ஒரு தடவை பதியும். அவர் அலற வேண்டும், வலது கையைத் தூக்க வேண்டும், முழுகிப் போக வேண்டும். முழுகினார். "கட்" என்ற சத்தம் தண்ணீருக்கு மேலே மங்கலாகக் கேட்டது. சிரித்துக்கொண்டே எழுந்தார். ஜந்துவின் வயிற்றிலிருந்து வெளியே வந்த இருவரும் ஆயில் தண்ணீரைத் துப்பிக்கொண்டே சிரித்தார்கள்.

இப்போது, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அவர் வீட்டு முன்னறை டிவியில் ஜந்துவின் வாய் அவர் தோள்மேல் மூடியது. மூடிய வாய் திறந்தது. மறுபடி மூடியது. அவர் முழுகவில்லை. தூக்கிய கை இறங்கித் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டது. நகங்கள் துருவைச் சுரண்டின. சிலேட்டில் ஆணியை இழுப்பது போன்ற அந்தச் சத்தம் அறை முழுக்கக் கேட்டது. மீசை சரியாக முளைக்காத அந்த இளம் முகம் வாயைப் பிளந்தபடி, காமிராவைத் தாண்டி யாரையோ பார்த்து எதையோ கேட்டது. அதற்குப் பிறகுதான் தண்ணீர் அதை எடுத்துக்கொண்டது.

எதையும் கேட்டதாக அவருக்கு நினைவில்லை.

"அத்தான்! என்னமா செத்திருக்கீங்க!" மச்சினன் தொடையைத் தட்டினான். மனைவியின் தம்பி, வீடியோ லைப்ரரி நடத்துகிறவன். கேசட்டைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்தது அவன்தான். கேசட் ஓட்டுகிற டெக்கையும் அவனே தோளில் தூக்கி வந்து மாட்டியிருந்தான்.

கல்யாணத்துக்கு முன்னால் நடந்த கூத்து அது. அப்போது அவர் ஒரு தையல் கடையில் தொழில் பழகிக்கொண்டிருந்தார். படக் கம்பெனிக்குச் சிப்பாய் உடுப்புகள் தைத்துக்கொண்டு போய்க் கொடுத்தபோது ஒரு சிப்பாய் குறைந்தான். "நீயே மாட்டிக்கிட்டு நில்லுப்பா" என்றார் டைரக்டர். இப்படித்தான் அவர் மூன்றாவது சிப்பாய் ஆனார். 'கருந்தொட்டி' என்று பெயர் வைத்த அந்தப் படம் எந்தத் தியேட்டருக்கும் வந்து சேரவில்லை. பெட்டிக்குள் தூங்கிக்கொண்டிருந்ததை இத்தனை வருஷம் கழித்து எவனோ கேசட்டில் ஏற்றி மச்சினனிடம் விற்றிருந்தான்.

வெட்டி ஒட்டி இழுத்திருப்பார்கள், நீளம் போதவில்லை என்று எதையாவது சேர்த்திருப்பார்கள் என்று மாஸ்டர் தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். துணியை வெட்டிப் பிழைக்கிறவர். வெட்டினால் குறையும், நீளாது என்பது அவருக்குத் தெரியும். ஆனாலும் அப்படித்தான் சொல்லிக்கொண்டார்.

அடுத்து அவர் கவனித்தது சிரிப்பை. அவருடைய மகள் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தாள். அவர் வீட்டிலிருக்கும் நேரத்தில் அந்தப் பெண் பெட்டிப்பாம்பு. பள்ளிக்கூடப் பாடத்தைக்கூட முணுமுணுத்துத்தான் படிப்பாள். பெண்பிள்ளை அடங்கி வளர வேண்டும் என்பது அவர் கொள்கை. அதற்காக மரஸ்கேல் ஒன்று அலமாரி மேல் எப்போதும் இருந்தது. இன்று அவள் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள், அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருப்பதே மறந்துபோனது போல.

மனைவி சிரிக்கவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்து சற்று முன்னால் நகர்ந்திருந்தாள்.

"அந்த இடத்த மட்டும் இன்னொரு தடவ போடுடா," என்றாள் தம்பியிடம்.

மறுநாள் சாயங்காலம் அவர் குளித்துக்கொண்டிருந்தார். கடையில் இடமில்லை, கொஞ்ச நாள் இங்கேயே இருக்கட்டும் என்று மச்சினன் டெக்கையும் கேசட்டையும் விட்டுவிட்டுப் போயிருந்தான். முன்னறையிலிருந்து துப்பாக்கிச் சத்தமும், யாரோ உத்தரவு போடும் கனத்த குரலும், தகரத்தைத் தட்டியே ஒப்பேற்றிய பின்னணி இசையும் குளியலறைக் கதவின் கீழ்ச் சந்து வழியாக வந்துகொண்டிருந்தன. சோப்பு வாசனைக்கு அடியிலிருந்து வேறொரு வாசனை மெல்ல மேலே ஏறியது: ஊறிய துரு, கருகிய ஆயில், வெயிலில் கிடந்த ரப்பர். வாளித் தண்ணீரைக் குனிந்து பார்த்தார். தெளிவாகத்தான் இருந்தது. மொண்டு தலையில் ஊற்றப் போனார்.

இடது தோளில் எதுவோ கடித்தது.

சுளுக்கு அப்படி இருக்காது. மேலேயும் கீழேயும் ஒரே சமயத்தில் இறங்கிய வலி; நடுவில் எலும்பு. செம்பு விழுந்து உருண்டது. அவர் வாயிலிருந்து வந்த அலறலும் முன்னறை டிவியிலிருந்து வந்த அலறலும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன.

துண்டைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தார். மகள் கையில் ரிமோட். திரையில் கறுப்புத் தண்ணீர் அலைந்து அடங்கிக்கொண்டிருந்தது. மனைவி திரையைப் பார்க்கவில்லை. அவள் முகம் குளியலறைப் பக்கம் திரும்பியிருந்தது.

"என்னாச்சுங்க?"

"ஒண்ணுமில்ல. புடிச்சுக்கிச்சு. அத அணைங்க முதல்ல."

அவர் சொல்லி முடிப்பதற்குள் மகள் அணைத்துவிட்டாள். ஆனால் மனைவியின் கண் அவர் தோளிலேயே நின்றது. அங்கே பிறை வடிவத்தில் சிவப்பாக ஏதோ எழும்பியிருந்ததை அவர் கண்ணாடியில் பார்த்தது பிறகுதான்.

நான் இல்லாதபோது யாரும் டெக்கைத் தொடக்கூடாது என்று உத்தரவு போட்டார். அந்த வீட்டில் அவர் உத்தரவு போட்டால் போட்டதுதான். அதனால் ஃபேக்டரியில் அது வந்தபோது அவர் டெக்கை நினைக்கவே இல்லை.

சீருடைகள் தைக்கும் ஃபேக்டரி அது. நீளமான மேஜையில் துணியை அடுக்கடுக்காக விரித்து, மேலே சாக்பீஸால் கோடு போட்டு, செங்குத்தாக நின்று ஓடும் கத்தி வைத்த மிஷினை அந்தக் கோட்டின்மேல் தள்ளிக்கொண்டே போக வேண்டும். முழங்கை உயரத் துணி அடுக்கை அந்தக் கத்தி வெண்ணெய் போல வகுந்துகொண்டு போகும். இரும்பு வலைக் கையுறை மாட்டச் சொல்லிச் சுவரில் எழுதி ஒட்டியிருந்தாலும் மாஸ்டர் மாட்டியதில்லை; துணியின் ஓட்டம் விரலில் தெரிய வேண்டும் என்பார். பிற்பகலில் எல்லா மிஷின்களும் ஒரே சுருதியில் இரைந்துகொண்டிருக்கும்போது, பஞ்சுத் தூசியும் சூடான நூலும் மணக்கிற அந்தக் கூடத்தில், முதலில் துரு வாசனை வந்தது. பிறகு முழங்கால் வரைக்கும் குளிர். பிறகு இடுப்பு வரைக்கும். பிறகு கடி.

மிஷினை விட்டுவிட்டு மேஜையைப் பிடித்துக்கொண்டார். விட்டது. மூச்சு வாங்கி நிமிர்வதற்குள் மறுபடி. விட்டது. மறுபடி.

"என்ன மாஸ்டர், நெஞ்சு வலியா?" சூப்பர்வைசர் அம்மா ஓடி வந்தாள். "முகத்துல ஈயாடலையே! உட்காருங்க."

"ஒண்ணும் இல்லம்மா. வாயு."

கழிப்பறைக்குப் போய்ச் சட்டையைக் கழற்றினார். சிவப்புப் பிறைகள் ஒன்றின்மேல் ஒன்றாக இருந்தன. தையல் தெரியாதவன் ஒரே இடத்தில் திரும்பத் திரும்பத் தைத்தது போல. சட்டைக் காலர் நனைந்திருந்தது. முகர்ந்து பார்த்தார். அதே துருவும் ஆயிலும். நகக்கண்களைப் பார்த்தார். வலது கையின் நகங்களுக்கு அடியில் துரு.

கண்ட நேரத்திலும் ஓரிரு தடவை வந்தது. ஆனால் தினமும் தவறாமல் வந்தது பள்ளிக்கூடம் விட்ட பிறகு. அது அவருக்கு உறைத்த அன்றைக்கு, வேலை முடியுமுன்பே சொல்லிக்கொண்டு, சைக்கிளை ஃபேக்டரியிலேயே விட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தார்.

தெரு காலியாக இருந்தது. வெயில் சுவர்களில் சாய்ந்து கிடந்தது. எங்கோ ஒரு குழாய் மூடாமல் ஒழுகிக்கொண்டிருந்தது. செருப்பின் அடியில் மணல் நறநறத்தது. வீடு கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் துரு வாசனை வந்தது. அவர் வேகமாக நடந்தார். குளிர் காலைச் சுற்றியது. ஜன்னலை எட்டுவதற்குள் கடி விழுந்தது. சுவரில் சாய்ந்தார். உள்ளே, மூடிய ஜன்னலுக்கு அந்தப் பக்கம், அவருடைய குரல் அலறிக்கொண்டிருந்தது.

பிறகு கேசட் பின்னால் ஓடும் சத்தம். விர்ரென்று. சின்னதாக ஒரு 'டக்'.

மறுபடி அவர் குரல்.

மண்டியிட்டார். ஜன்னல் பலகையின் விரிசலில் கண்ணை வைத்தார். மகளும் மனைவியும் தரையில் அருகருகே உட்கார்ந்திருந்தார்கள். சிரிப்பு இல்லை. பேச்சு இல்லை. பரீட்சைக்குப் படிக்கிறவர்களைப் போல உட்கார்ந்திருந்தார்கள். மகள் புத்தகப் பையைக்கூடத் தோளிலிருந்து இறக்கவில்லை. மனைவியின் முழங்கையில் இஸ்திரிப் பெட்டியின் முனை போட்ட முக்கோணத் தழும்பு தெரிந்தது. அது எப்போதோ ஒரு நாள் கோபத்தில் நடந்தது. அவள் அதை மறந்துவிட்டாள் என்றுதான் அவர் நினைத்திருந்தார். இப்போது அந்தத் தழும்பை விரலால் மெல்லத் தடவியபடி அவள் சொன்னாள்:

"போடு."

மகள் போட்டாள்.

எப்படி எழுந்தார், எப்படி உள்ளே போனார் என்று தெரியவில்லை. கேசட்டை டெக்கிலிருந்து பிடுங்கித் தரையில் அடித்து உடைத்தார். உள்ளிருந்த கறுப்பு நாடாவைக் கை கையாக இழுத்து அறுத்தார். தான் இப்போதே செத்துவிழுவோமோ என்று ஒரு கணம் கிலி பிடித்தது. ஒன்றும் ஆகவில்லை. வலிகூட நின்றிருந்தது. மகளைச் சுவர் பார்த்து நிற்க வைத்தார். அலமாரி மேலிருந்து ஸ்கேலை எடுத்தார்.

அவள் அழவில்லை. அடிவாங்கும்போது முன்னெல்லாம் "இல்லப்பா, இனிமே இல்லப்பா" என்பாள். இன்று வாயே திறக்கவில்லை.

மறுநாள் மச்சினனின் கடைக்குப் போனார். சுவர் முழுக்கக் கேசட்டுகள். 'கருந்தொட்டி' வாசலிலேயே தொங்கியது; அட்டையில் ஒருவன் இரண்டு கையிலும் துப்பாக்கி பிடித்திருந்தான், பின்னால் ஜந்து வாயைப் பிளந்திருந்தது.

"எத்தன காப்பி போட்டிருக்க?"

"நம்ம கடையில நல்லா ஓடுது அத்தான். நம்ம சொந்தக்காரர் நடிச்ச படம்னு சொன்னதும் ஆளாளுக்குக் கேக்கறாங்க. எல்லாரும் உங்க சீனைத்தான் ரீவைண்ட் பண்ணிப் பாக்கறாங்களாம்." கல்லாவுக்குப் பின்னாலிருந்து உற்சாகமாக எழுந்தான். "நீங்க ஹீரோ மாதிரி ஆயிட்டீங்க, தெரியுமா!"

"எல்லாத்தையும் திருப்பி வாங்கு."

"என்ன அத்தான் நீங்க..."

அப்போது வந்தது. ஊரில் ஏதோ ஒரு வீட்டில், அவர் முகம் பார்த்திராத யாரோ ஒருவர், கையில் தின்பண்டத்தோடு உட்கார்ந்து அந்த இடத்துக்கு வந்திருக்க வேண்டும். மாஸ்டர் கல்லா மேஜையைப் பற்றிக்கொண்டார். வாய் தானாகப் பிளந்தது. வலது கை தானாக மேலே எழுந்தது. சட்டையின் தோளில் கறுப்பாக ஒரு ஈரம் ஊறிப் பரவி, முழங்கை வழியே இறங்கி, கண்ணாடி மேஜையில் சொட்டியது.

மச்சினன் பின்வாங்கிப் பின்வாங்கி அலமாரியில் முட்டிக்கொண்டான். சில கேசட்டுகள் சரிந்து விழுந்தன.

"அத்தான்... என்ன அத்தான் இது..."

"வாங்கிடு," என்றார் மாஸ்டர், மூச்சு திரும்பியதும். "ஒண்ணு விடாம வாங்கிடு."

வாங்கிவிட்டான். அவனுக்கும் பயம். சைக்கிளில் வீடு வீடாகப் போய், வேறு படம் தருகிறேன் என்று கெஞ்சி, எல்லாவற்றையும் கோணியில் கட்டிக் கொண்டுவந்தான். ஃபேக்டரியின் பின்புறம் துணிக் கழிவு எரிக்கிற குழியில் மாஸ்டர் அவற்றைத் தன் கையாலேயே ஒவ்வொன்றாகப் போட்டார். நாடாக்கள் சுருண்டு, குமிழ் விட்டு, உருகின. மச்சினன் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றான். "எல்லாம் வந்துடுச்சா?" என்று அவர் கேட்டபோது, "ம்" என்று நெருப்பைப் பார்த்தபடி சொன்னான்.

வலி வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. தோளில் இருந்த பிறைகள் மங்கி மஞ்சளாகின. துரு வாசனை போய்விட்டது. ஒரு வாரத்தில் மாஸ்டர் பழைய மாஸ்டரானார். தட்டை வைக்கும் சத்தம் அதிகமாக இருந்ததற்காக மனைவியைச் சாப்பாட்டு நேரம் முழுக்க நிற்க வைத்தார். மகளின் மார்க் குறைந்ததற்கு ஸ்கேல் இறங்கி வந்தது. எல்லாம் ஒழுங்குக்கு வந்துவிட்டது என்ற நிம்மதியில் நன்றாகத் தூங்கினார்.

ஒரு பிற்பகல், அவசர ஆர்டர். துணி அடுக்கு வழக்கத்தைவிட உயரம். இடது கையை விரித்துத் துணியை அமுக்கிக்கொண்டு வலது கையால் மிஷினைத் தள்ளிக்கொண்டிருந்தார். கத்தி வளைவில் திரும்பிக்கொண்டிருந்தது.

துரு வாசனை.

மிஷினை நிறுத்த வேண்டும் என்று நினைத்தார். நினைக்கத்தான் நேரம் இருந்தது.

கடி. தோள் துள்ளியது. கை நழுவிக் கோட்டுக்குள் போனது. கத்தி துணியை வகுந்துகொண்டு போகும் அதே மிருதுவான சத்தத்தோடு, சுருதி கொஞ்சமும் மாறாமல், அவர் விரல்களைக் கடந்து போனது.

வெள்ளைத் துணி. அடுக்கடுக்காக. அத்தனை அடுக்கிலும் சிவப்பு.

வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டபோது கையில் பெரிய கட்டு இருந்தது. மருந்து மயக்கம். முன்னறை நாற்காலியில் சாய்த்துப் படுக்க வைத்தார்கள். மனைவி பதறவில்லை, வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்து, நன்றி சொல்லி, வாசல் வரை போய் அனுப்பிவிட்டு வந்தாள். அடுத்த சில நாட்கள் அவள் அவரைக் குழந்தையைப் போலப் பார்த்துக்கொண்டாள். முகம் துடைத்தாள். மாத்திரை கொடுத்தாள். ஸ்பூனால் ஊட்டினாள். அவர் கண் அவள் முகத்தைத் தேடிக்கொண்டே இருந்தது. அதில் எதுவும் இல்லை. கோபம் இல்லை. இரக்கமும் இல்லை. வேலை இருந்தது, அவ்வளவுதான்.

வலி மறுபடி வரவில்லை. வராமல் இருந்ததுதான் அவரைத் தின்றது. ஒவ்வொரு சாயங்காலமும், மகளின் பள்ளிக்கூடச் செருப்பு வாசலில் கேட்டதும், அவருக்கு வியர்த்தது. அவள் உள்ளே வருவாள். பையை வைப்பாள். அவரைத் தாண்டிப் போவாள். அவர் காத்திருப்பார். டிவி கறுப்பாக, அறையையும் அறையில் சாய்ந்து கிடக்கும் அவரையும் சின்னதாகக் காட்டிக்கொண்டு நிற்கும்.

ஒரு சாயங்காலம் பொறுக்க முடியவில்லை.

"இன்னொரு கேசட் இருக்கா?"

மனைவி ஸ்பூனைக் கிண்ணத்தில் வைத்தாள். "இருக்கு," என்றாள், உப்பு இருக்கிறதா என்று கேட்டதற்குச் சொல்வது போல. "தம்பிகிட்டக் கேட்டு முன்னாடியே ஒண்ணு வாங்கி வெச்சிருந்தேன்."

"கொண்டா அத."

ஒரு காலத்தில் வேலை செய்த குரல் அது. அவள் அசையவில்லை.

"அன்னிக்கு... ஃபேக்டரியில... நீதான் போட்டியா?"

"நான் போட்டேன்பா," என்றாள் மகள், அவருக்குப் பின்னாலிருந்து. அந்தக் குரலில் நடுக்கம் இல்லை. அதைத்தான் அவர் முதலில் கவனித்தார்.

"வேண்டாம்." தன் குரல் இவ்வளவு மெல்லியது என்று அவருக்கே தெரியாது. "வேண்டாம்மா. இனிமே ஸ்கேலத் தொட மாட்டேன். ரெண்டு பேரும் சொல்றபடி இருக்கேன். சத்தியமா."

மனைவி அவரைப் பார்த்தாள்; சாயம் போகுமா போகாதா என்று துணியைப் பார்ப்பது போல நிதானமாக.

"பயமா இருக்கா?"

"இருக்கு."

"ரொம்பவா?"

தலையசைத்தார்.

"எங்களுக்கும் அப்படித்தாங்க இருக்கும்," என்றாள். "சாயங்காலம் உங்க சைக்கிள் சத்தம் கேட்டா."

எழுந்து போய் டிவியை அவர் பக்கம் நன்றாகத் திருப்பி வைத்தாள். திரைச்சீலையை இழுத்தாள். மகள் உள்ளே போய்க் கேசட்டோடு வந்தாள். டெக் அதை வாயில் வாங்கி விழுங்கியது.

அவர் எழப் பார்த்தார். கால் வரவில்லை. மருந்தா, பயமா, தெரியவில்லை. திரையில் கோடுகள். பிறகு சிமென்ட் ஆலை. சிப்பாய்கள் வரிசையாக. அவர் தைத்த உடுப்புகள். அறையில் வாசனை ஏறியது. துரு. ஆயில். ரப்பர் இல்லை இப்போது. ரப்பருக்குப் பதில் வேறு ஏதோ. பச்சையாக. சூடாக.

குளிர் பாதத்தில்.

முழங்காலில்.

திரையில் இளைஞன் தொட்டிக்குள் நிற்கிறான். பின்னால் தண்ணீர் பிளக்கிறது.

மார்பில்.

"வேண்டா..."

மூடியது.

வாய் பிளந்தது. கை எழுந்தது. பற்கள் எலும்பைத் தொட்ட அந்தக் கணத்தில் மகள் ஒரு பட்டனை அழுத்தினாள். எல்லாம் நின்றது.

அலறல் நின்றது. தண்ணீர்த் துளிகள் காற்றில் நின்றன. மூச்சு பாதியில் நின்றது. வலி மட்டும் நிற்கவில்லை.

இமை மூட முடியவில்லை. நாற்காலியில் கிடந்த உடம்பு அவருக்குத் தெரிந்தது, தொட்டியில் நின்ற உடம்பும் தெரிந்தது. இரண்டிலும் அவர் இருந்தார். தோளைக் கவ்விய வாய் முகத்துக்குப் பக்கத்திலேயே இருந்ததால், ஓரக்கண்ணில் அதன் உள்ளே தெரிந்தது. குழாயில் மூச்சு விட்டபடி படுத்திருக்க வேண்டிய அந்த இரண்டு பேர் அங்கே இல்லை. யாரும் இல்லை. சிவந்த, ஈரமான தொண்டை ஒன்று உள்ளே உள்ளே போய்க்கொண்டிருந்தது.

எங்கோ வெளியே விளக்குப் போடும் சத்தம் கேட்டது. தட்டுகள் வைக்கிற சத்தம். மகள் பள்ளிக்கூடத்தில் யாரோ விழுந்ததைப் பற்றிச் சத்தமாகச் சொன்னாள். மனைவி "அடப்பாவமே" என்றாள். தண்ணீர் ஊற்றிக் கை கழுவினாள். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே நாற்காலியைத் தாண்டிப் போனவள், துண்டை எங்கே வைப்பது என்று பார்த்து, தூக்கியபடி நின்ற அவர் வலது கையில் தொங்கவிட்டுவிட்டுப் போனாள்.

"அம்மா, நிறுத்தி வெச்சாலும் கொஞ்ச நேரத்துல டெக் அதுவே விட்டுடும்னு மாமா சொன்னார்."

"விட்டா திரும்ப அழுத்து. நீ சாப்பிடு முதல்ல."

டெக்கில் நிறுத்திய படம் அசையாமல் நிற்பதில்லை. வெள்ளைக் கோடுகள் இரண்டு அதன் குறுக்கே நடுங்கிக்கொண்டே இருக்கும். கோடுகளோடு சேர்ந்து படமும் அரைக்கணம் முன்னால் போய் அரைக்கணம் பின்னால் வரும். தோளுக்குள் பற்கள் ஒரு நூலளவு இறங்கின. ஒரு நூலளவு ஏறின. இறங்கின. ஏறின. இறங்கின.